பட்டினத்துச் சுகாதாரசபையும் நாமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் வாய்க்காலைப் பற்றியும் மலசலகூடத்தைப் பற்றியும் பேசுவது அழகா என்று சிலர் நினைக்கக்கூடும். பண்ணிசைக்கும் பரிசளிப்புக்கும் நடுவே எமக்கு அரைமணி நேரம் ஒதுக்கிய செயலாளருக்கே அந்த ஐயம் இருந்திருக்கும். ஆனால் ஒரு சிறு பட்டினத்தில் எத்தனை குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டுகின்றன என்பதைத் தீர்மானிப்பதில் பெரிய ஆஸ்பத்திரியைவிட அந்த வாய்க்காலுக்கே பங்கு அதிகம். ஆஸ்பத்திரியைத் திறக்க மந்திரி வருவார், நாடா வெட்டுவார். வாய்க்காலை எவரும் நாடா வெட்டித் திறப்பதில்லை. ஆகையால் அதைப்பற்றிப் பேச நாமாவது வேண்டும்.

இன்று பிரதேச சபை என்று வழங்கும் சபைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கொழும்புக்கும் கண்டிக்கும் 1865 இல் மாநகரசபைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த பட்டினங்களுக்காக 1876 இல் 7 ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. அதன்படி அமைந்த சபைகளையே நம் முன்னோர் ‘லோக்கல் போட்’ என்றனர். அச்சபையின் முழுப் பெயரில் சுகாதாரம், அபிவிருத்தி என்ற இரண்டு சொற்களும் சேர்ந்திருந்தன. அதிலும் சுகாதாரமே முதலில் நின்றது. யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு 1906 இல் லோக்கல் போட் கிடைத்தது. அது வளர்ந்து 1949 இல் மாநகரசபை ஆயிற்று. லோக்கல் போட்டுக்கும் அளவு போதாத சிறு பட்டினங்களுக்கு 1892 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் ஒரு சுகாதாரசபையைக் கொடுத்தது. ‘சனிற்றறி போட்’ என்று வயோதிபர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அரசாங்க ஏசண்டர் அதன் தலைவர். சனங்கள் வோட்டுப் போட்டு அமைத்த சபையன்று. மேலிருந்து இறங்கிய சபை. 1946 இல் பட்டினசபைச் சட்டம் வந்தபின்பே சிறு பட்டினத்தார் தம் வாய்க்காலுக்குத் தாமே பொறுப்பாளிகளாயினர். பட்டினசபைகளும் 1981 இல் மறைந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் வந்தன.

இச்சரித்திரத்தை இவ்வளவில் விடுவோம். பெயர்ப்பலகைகள் மாறினவேயன்றி வேலை மாறவில்லை. குப்பை, வாய்க்கால், சந்தை, இறைச்சிக்கடை, சுடலை, தெருவிளக்கு இவை அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

மாறியது ஒன்றுண்டு, அதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அன்று சுகாதாரம் முழுவதும் ஒரு சபையின் கையில் இருந்தது. இன்று சிறு பட்டினங்களில் அது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. குப்பையும் வாய்க்காலும் பிரதேச சபைக்கு. நோயும் உணவும் கர்ப்பிணித் தாயும் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்கு. வாய்க்காலில் நுளம்பு பெருகினால் அதைக் கண்டெழுதுபவர் ஒரு கந்தோர். வாய்க்காலை வெட்டவேண்டியவர் வேறொரு கந்தோர். நடுவில் கடிதம் போய்வருவதற்குள் நுளம்புக்குச் சிறகு முளைத்துவிடுகிறது.

சுகாதார வைத்திய அதிகாரி என்ற ஏற்பாடு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1916 இல் றொக்பெல்லர் தாபனத்தார் இலங்கையில் கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். மருந்து கொடுத்தால் புழு விழுந்தது. மலசலகூடம் இல்லாத தோட்டங்களில், வெறுங்காலோடு நடந்த அதே மனிதருக்கு மீண்டும் புழு ஏறியது. மருந்து கொடுப்பதும் புழு ஏறுவதுமாக வருடங்கள் கழிந்தன. நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, அவன் நடக்கும் மண்ணையும் பார்க்க வேண்டும் என்ற அறிவு அப்படித்தான் வந்தது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்தது. எல்லை வகுத்த ஒரு பிரதேசம். அதற்கு ஒரு வைத்திய அதிகாரி, பரிசோதகர்கள், தாதி, மருத்துவ மாதர். இந்த ஏற்பாடு நாடெங்கும் பரவியது. 1934–35 மலேரியாக் கொள்ளையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டபின் அதன் தேவையை மறுப்பார் இல்லாமற் போயினர்.

இந்த ஏற்பாட்டில் எவர் பெரியவர் என்று எம்மைக் கேட்டால், மருத்துவ மாதுவைத்தான் சொல்வோம். சைக்கிளிலும் இப்போது ஸ்கூட்டரிலுமாக ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், கர்ப்பிணியின் பெயரைப் பதிந்து, பிள்ளையை நிறுத்துப் பார்த்து, ஊசிக்குத் திகதி சொல்லி வருபவர் அவர். 1930களில் இந்நாட்டில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை பெரும்பாலும் 40க்கும் கீழே நிற்கிறது. பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்குத் தாயை நேரத்தோடு அனுப்பியவர் வாசற்படியில் வந்து நின்ற இந்தப் பெண்தான். நம் ஊரில் சபை அங்கத்தவருக்கு மாலை போடுகிறார்கள். மருத்துவ மாதுவுக்கு மாலை போட்டதை நாம் கண்டதில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நிலையோ வேறு. அவரை எவருக்கும் பிடிக்காது. பி.எச்.ஐ. சந்திக்கு வந்துவிட்டார் என்றால் தேத்தண்ணிக் கடை வடைக்கெல்லாம் மூடி முளைக்கும். அவர் போனபின் மூடியும் போய்விடும். 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டமும் அவர் கையில் இருக்கின்றன. 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடைச் சட்டம்கூட இன்னும் உயிரோடிருக்கிறது. 2020 இல் கொரோனாக் காலத்தில் நம்மை வீட்டுக்குள் இருத்தியதற்கு ஆதாரமாக நின்றது அந்தப் பழைய சட்டமே. சட்டம் போதாமலில்லை. அவர் வழக்கு வைக்கப் போனால், ‘நம்மட பெடியன்ர கடை, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ’ என்று தொலைபேசியில் பேசும் பெரிய மனிதர்கள்தாம் அதிகம். அப்பெரிய மனிதரிற் சிலர் இச்சபையிலும் இருப்பார்களென்றால் கோபிக்க வேண்டாம். இளைஞர்கள் கேட்கும்படி சொல்லத்தான் வந்தோம்.

நம் குடாநாட்டுச் சிறு பட்டினத்துக்கு வேறெங்கும் இல்லாத ஒரு சிக்கல் உண்டு, அதுதான் கிணறு. நமக்கு வற்றாத ஆறு இல்லை. மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கிறது. அதையே அள்ளிக் குடிக்கிறோம். அதே கல்லின் வெடிப்புகளுக்குள்தான் மலக்குழியின் நீரும் இறங்குகிறது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்று பரிசோதகர் சொல்லுவார். மண் தடித்த இடத்தில் அது போதும். மண் நீரை வடித்துச் சுத்திகரிக்கும். கல்வெடிப்புக்கு வடிக்கத் தெரியாது. பரப்பு பரப்பாகக் காணி இருந்த காலத்தில் வீட்டுக்கு முன்னே கிணறு, கோடிக்கு அப்பால் குழி என்று தூரம் இருந்தது. சீதனக் காணி நாலாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடும் கிணறும் குழியும் வந்தபின், நம் கிணற்றுக்குத் தூரமான குழி அயலவர் கிணற்றுக்குப் பக்கமாயிற்று. மதில் உயரமாகக் கட்டிவிட்டோம். நிலத்துக்குக் கீழே மதில் இல்லை.

நெருப்புக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தை இலேசில் விட்டுப்போகாததற்கு இது ஒரு காரணம். இதனோடு தோட்டத்து யூரியா உரமும் சேர்கிறது. நீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் அளவு. நம் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. நைத்திரேற்று காய்ச்சினாற் போகாது. காய்ச்சக் காய்ச்ச நீர் வற்றிச் செறிவுதான் கூடும். கைக்குழந்தைக்கு அது ஆகாது. சுன்னாகத்து மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எண்ணெய் வந்ததும் ஊர் கொதித்தெழுந்தது, அது நியாயமே. எண்ணெய்க்கு மணமும் நிறமும் உண்டு. மலக்குழி நீருக்கு அவை இரண்டும் இல்லை, ஆகையால் எவரும் எழும்பவில்லை.

கிணற்றின் கதை இன்னும் முடியவில்லை. 2016 செப்டெம்பரில் இலங்கையில் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார தாபனம் பிரகடனம் செய்தது. அந்த வருடம் முடிவதற்குள் மன்னாரில் ‘அனோபிலிஸ் ஸ்டீபன்சி’ என்ற புது நுளம்பு பிடிபட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். அது பட்டினத்து நுளம்பு. கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடும். பிற நாட்டில் நோய் தொற்றிய ஒருவர் வந்து இறங்கினால் போதும், மலேரியா திரும்பிவிடலாம். ஆகவே கிணற்றில் புழுத்தின்னி மீன்கள் விடுகிறார்கள். மீன்விட வந்தவரைப் படலையில் மறித்துத் திருப்பியனுப்பும் வீடுகளும் உண்டு. ‘குடிக்கிற கிணற்றில் மீனா?’ என்ற கேள்வியை நாம் இகழவில்லை. கிணறு நமக்குத் துப்புரவானது. அக்கேள்விக்குத் திண்ணையிலிருந்து பொறுமையாக விடை சொல்ல ஊரறிந்த இளைஞர் வேண்டும். அரசாங்கத் துண்டுப்பிரசுரத்தால் ஆகாத வேலை அது. மன்றம் அதை ஏற்கலாம். இவ்வட்டாரத்துக் கிணறுகளுக்கும் குழிகளுக்கும் ஒரு கணக்கும் எடுக்கலாம். ஒரு அளவுநாடாவும் கொப்பியும் இருந்தால் இரண்டு மாதத்து வேலை.

இனி, எமக்குச் சொல்லக் கூச்சமாயிருப்பதும், சொல்லாமல் இறங்க முடியாததுமான ஒரு காரியம்.

வாளிக் கக்கூசு இருந்த காலத்தைப் பெரியோர் அறிவர். விடியுமுன் பின்பக்கத்து ஒழுங்கையால் வந்து, வாளியை எடுத்து, வண்டிலில் ஊற்றிக்கொண்டு போன மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இந்நாட்டு நகரங்களின் துப்புரவு வேலைக்கென்று வெள்ளையர் ஆட்சி தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய தொழிலாளர் பலர். வெள்ளையர் போனபின் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெருந்தொகையினரை நாடற்றவராக்கிற்று. அவர்கள் வோட்டில்லாதவராயினர், நம் வாளி மட்டும் அவர்கள் தலையில் இருந்தது. வாந்திபேதி இப்பட்டினங்களை விட்டு அகன்றதற்கு ஊசியும் மருந்தும் ஒரு காரணமென்றால், அந்த வண்டிலும் ஒரு காரணம். அதற்கு நாம் கொடுத்த பிரதியுபகாரம், அவர்களுக்குக் கோயில் வாசலைச் சாத்தியது. தேத்தண்ணிக் கடையில் சிரட்டையைக் கொடுத்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்தது. அதன்பின்னும் 1968 இல் மாவிட்டபுரத்து வாசலில் என்ன நடந்தது என்பதை இங்குள்ள முதியவர் அறிவர். அப்பர் சுவாமிகள் கையில் உழவாரப்படை ஏந்தி நிற்கும் கோலத்தைப் பூசிக்கிற நாம், அதே வேலையைச் செய்தவனைத் தீண்டாதவன் என்றோம்.

வாளி போய்விட்டது, நீரடைப்பு மலசலகூடம் வந்துவிட்டது. ஆனால் நம் குப்பையை ஏற்றும் உழவு இயந்திரத்தின்மேல் நிற்பவர்கள் யார் என்று நாளை காலையில் பாருங்கள். பல சபைகளில் அவர்கள் வருடக்கணக்காக நிரந்தர நியமனமின்றி நாட்சம்பளத்துக்கு உழைக்கிறார்கள். உடைந்த போத்தலும் நீரிழிவுக்காரர் போட்ட ஊசியும் சமையல் குப்பையோடு ஒரே பையில் கட்டி வைக்கிறோம்; அவர்கள் வெறுங்கையால் பிரிக்கிறார்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை, இரண்டு வருடத்துக்கு மேலாக அங்கத்தவர் ஒருவரும் இருக்கவில்லை. அந்நாட்களிலும் குப்பை வண்டி ஓடியது. அங்கத்தவர் இல்லாமல் இரண்டு வருடம் இருந்தோம். இத்தொழிலாளர் இல்லாமல் இரண்டு கிழமை இருக்க இயலுமா என்று பெரியோர் சற்று யோசிக்க. 2024 மழைவெள்ளத்தின்பின் டிசம்பரில் எலிக்காய்ச்சல் நம் பகுதியில் உயிர்களைக் கொண்டுபோனபோது, முதலில் வாய்க்காலுக்குள் இறங்கவேண்டியிருந்தது அவர்கள் காலே.

கையுறையும் முழங்கால் சப்பாத்தும் சபை கொடுக்க வேண்டியவை. கேட்டுக் கடிதம் எழுதுவது மன்றத்தின் வேலை, இன்றைக்கே எழுதலாம். கண்ணாடியையும் ஊசியையும் வேறாகக் கட்டி வைப்பது வீட்டாரின் வேலை. அதற்குக் கடிதமும் வேண்டாம்.

நாளை மதியம் மன்றத்தின் மகேசுர பூசை. அன்னதானத்துக்குப் பரிசோதகருக்கு அறிவித்தாயிற்று. கிணற்றுக்குக் குளோரீன் போட்டாயிற்று. தொண்டர்கள் நன்றாகவே செய்திருக்கிறார்கள். சாப்பிட்ட இலைகளை ஏற்றுவதற்கு இரண்டு மணிக்குச் சபை உழவு இயந்திரம் வரும் என்று செயலாளர் சொன்னார். வருபவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டி வைத்திருப்பதாகவும் சொன்னார். பார்சல் வேண்டாம். அவர்களைப் பன்னிரண்டு மணிக்கே வரச்சொல்லுங்கள். முதற்பந்தியில், இந்த மண்டபத்துக்குள்ளே, எங்களோடு இலைபோட்டு இருத்துங்கள். பரிமாறுவதற்கு நாம் வருகிறோம்.