அறிவித்தலில் இல்லாத தீர்மானம்

(மருதனார்மடத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து வந்திருக்கும் நாங்கள் இன்று பேச எடுத்துக்கொண்ட விடயம் கொஞ்சம் வறட்சியானது. பாராளுமன்றத்தில் ஒரு சட்டமூலத்துக்கு எந்தத் திருத்தத்தை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்பதே அது. 2013 செப்டம்பர் 21ஆம் திகதி வட மாகாணமும் மத்திய மாகாணமும் ஒரே நாளில் மாகாண சபைக்கு வாக்களித்தன. அதற்குப் பிறகு நீங்களும் வாக்களிக்கவில்லை, நாங்களும் வாக்களிக்கவில்லை. காரணத்தைத் தேடிப் போனால் இந்த விதியில்தான் வந்து நிற்போம்.

தோட்டத்து உதாரணம் ஒன்று சொல்கிறோம். 'கமிட்டியில் பெண்களுக்கு இடம் கூட்டுவது பற்றி' என்று கூட்ட அறிவித்தல் போடுகிறோம். அதில் ஆட்சேபனை இல்லாதவர்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். கூட்டம் தொடங்கிய பிறகு ஒருவர் எழுந்து, கமிட்டியைத் தெரிவு செய்யும் முறையையே மாற்றும் தீர்மானத்தைக் கொண்டுவந்து, 'இதுவும் ஒரு திருத்தம்தான்' என்கிறார். நாம் விடுவோமா?

2017இல் நடந்தது இதுதான். ஜூலையில் வர்த்தமானியில் வந்த மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம், வேட்பாளர் பட்டியலில் 30 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்றது. செப்டம்பர் 20ஆம் திகதி குழுநிலையில் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் வந்தன. விகிதாசார முறை போய், பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்ற கலப்பு முறை வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் ஆட்சேபித்தார்கள். சபாநாயகர் அனுமதித்தார். அன்றைக்கே 159க்கு 37 என்ற வாக்குகளால் நிறைவேறியது.

விதி இல்லாமல் இல்லை. 2015இல் வந்த 19ஆவது திருத்தம், அரசியலமைப்பின் 78ஆம் உறுப்புரையில் இதை எழுதிவைத்தது: திருத்தம் எதுவும் சட்டமூலத்தின் சாரத்திலிருந்தும் கோட்பாடுகளிலிருந்தும் விலகக் கூடாது. விதி இருந்தது, அதைக் காப்பாற்றத்தான் ஆள் இருக்கவில்லை.

நீதிமன்றம் போகலாமே என்று கேட்பீர்கள். அப்போதிருந்த விதிப்படி, சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்று ஒரு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். குழுநிலைத் திருத்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது. சபாநாயகர் கையொப்பமிட்ட பின் 80ஆம் உறுப்புரை எந்த நீதிமன்றத்தையும் கேள்வி கேட்க விடாது. வாசலைப் பூட்டிவிட்டுப் பின்பக்கத்தால் சாமான் ஏற்றுவது போன்ற வேலை.

பிறகு புதிய தொகுதிகளுக்கு எல்லை நிர்ணய அறிக்கை வந்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை, எதிராக 139. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறைக்குத் தொகுதியும் இல்லை. அந்த ஒக்டோபரில் உங்கள் சபையும் எங்கள் சபையும் கலைந்தன, ஆளுநர்கள் நடத்தினார்கள். எங்கள் தோட்டப் பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பில் உள்ளவை. கூரை ஒழுகினால் போய்க் கேட்க நாம் தெரிவு செய்த ஆள் இல்லை. பெண்களுக்காக வந்த சட்டமூலத்தால் ஒரு பெண்கூட இன்னும் மாகாண சபைக்குப் போகவில்லை.

1913 ஜனவரியில் பிரித்தானியாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. வாக்குரிமைச் சட்டமூலத்தில் பெண்களுக்கும் வாக்குரிமை சேர்க்கத் திருத்தம் வந்தபோது, அது சட்டமூலத்தையே வேறொன்றாக்கிவிடும் என்றார் சபாநாயகர் லௌதர். அரசாங்கம் சட்டமூலத்தை மீளப்பெற்றது. அதே ஆண்டில்தான் இந்த மருதனார்மடத்தில் பெண்களுக்காக இராமநாதன் கல்லூரி தொடங்கியது. அந்தத் தீர்ப்பு பெண்களுக்கு அநியாயமாக முடிந்தது. ஆகவே விதி மட்டும் நம்மைக் காப்பாற்றும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் விதி ஆளுக்கொரு மாதிரி வளையும்போது முதலில் அடிபடுவது எண்ணிக்கையில் குறைந்தவர்கள்தான். சிதறி வாழும் மலையக மக்களுக்குத் தொகுதி எல்லை என்பது உயிர்ப் பிரச்சினை. அதைப் பேச எங்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

எனவே நாங்கள் கேட்பது மூன்று. சட்டமூலத்தின் நோக்கத்தை மாற்றும் திருத்தம் என்றால் புதிய சட்டமூலமாக வர்த்தமானியில் வரட்டும். மற்றத் திருத்தங்களும் வாக்கெடுப்புக்கு முன் மூன்று மொழிகளிலும் வெளிவரட்டும். பெண்களின் 30 சதவீதத்தைக் கைவிடாமல் மாகாணத் தேர்தலை நடத்தட்டும்.

இதை நம் சங்கக் கூட்டங்களிலும் கடைப்பிடிப்போம். அறிவித்தலில் இல்லாத தீர்மானத்துக்கு நாமும் கை உயர்த்த வேண்டாம்.