கொதிக்க வச்சுப் பாத்தியா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வாசலிலேயே திருவையாற்று நண்பன் ஒருவன் பிடித்துக்கொண்டான். "என்னய்யா ஆராய்ச்சி பண்றே?" "நாயோட புரதம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். அவனிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்.

உடம்பில் கிருமி நுழைந்தால் வெள்ளை அணுக்கள் ஒன்றுக்கொன்று ஆள் அனுப்பும். அந்த ஆள்தான் சைட்டோகைன். அளவோடு வந்தால் காவல். மீறினால் காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, சில நேரம் சாவு. பெட்டை நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் உண்டு, பயோமெட்ரா என்பார்கள். பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாதான் காரணம். அப்போது நாயைச் சாய்ப்பது கிருமி மட்டுமல்ல, இந்தத் தூதர்கள் போடும் கூச்சலும்தான்.

அவர்களில் பெரியவர் டி.என்.எஃப். ஆல்ஃபா. 1975-ல் நியூயார்க்கில் எலிகளிடம் கண்டறிந்து பெயர் வைத்தார்கள். மனிதனுடைய மரபணுவை 1984-ல் நகலெடுத்தார்கள். ஆனால் நாயை ஆராய நாயினுடைய புரதமே வேண்டும். மனிதப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி பல சமயம் நாயினுடையதைக் கண்டுகொள்வதில்லை. ரத்தத்திலிருந்து பிரிக்கலாம் என்றால், அதில் இருப்பது மிகச் சொற்பம். ஆகவே நாயின் மரபணுவை ஈ.கோலைக்குள் புகுத்தி, அதையே கூலியாளாக்கிப் புரதம் செய்கிறார்கள். சின்னக் குப்பியில் சில மைக்ரோகிராம் பொடி, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. விலையைச் சொன்னால் எங்கப்பா திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார்.

வில்லங்கம் அந்தக் கூலியாளிடம்தான். ஈ.கோலையின் மேலுறையில் எண்டோடாக்சின் என்றொரு நச்சு இருக்கிறது. துளி ஒட்டி வந்தாலும் வெள்ளை அணுக்கள் அதற்கே கூச்சல் போடும். நாமோ புரதத்தின் வேலை என்று எழுதிவிடுவோம்.

நான் எழுதினேன். நாயின் வெள்ளை அணுக்களில் அந்தப் புரதத்தை விட்டேன். இன்டர்லூகின்-8 கிடுகிடுவென ஏறியது. மூன்று மாதம் இதே ஆனந்தம். கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கமும் அனுப்பியாச்சு. வரைபடத்தைப் பார்த்த வழிகாட்டி அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "கொதிக்க வச்சுப் பாத்தியா?"

95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் புரதம் உருக்குலையும். எண்டோடாக்சின் அசையாது. வைத்துப் பார்த்தேன். செத்த புரதமும் அதே அளவுக்குக் கூச்சல் கிளப்பியது! குப்பியைச் சோதித்தோம், அது சுத்தம். பொடியைக் கரைக்க நான் எடுத்த தண்ணீர்ப் பாட்டிலில்தான் நச்சு. மூன்று மாதக் கணக்கைக் கிழித்துப் போட்டேன். சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதிய ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அன்றைக்குத்தான் அப்பா நினைவுக்கு வந்தார். ஆடுதுறை 36 விதைநெல் வந்தால் அப்படியே நாற்றங்காலுக்கு விடமாட்டார். முட்டை மிதக்கும்வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டுவார். மிதப்பது பதர். "மூட்டையில எழுதினவன் நம்ம வயல்ல நடப் போறானா?" என்பார். அந்தப் பதரைப் பொறுக்கி எடுத்த கை இது, மறந்துபோச்சு பாருங்கள்.

இப்போது எங்கள் கண்ணாடிக் குடுவைகளை 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வைக்கிறோம்; எண்டோடாக்சின் அதற்குத்தான் அடங்கும். ஒவ்வொரு சோதனையிலும் இரண்டு குழாய் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று கொதித்தது, ஒன்று கொதிக்காதது. வழிகாட்டி அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். கொதித்த குழாயின் மேல் அவர் பெயரின் முதலெழுத்தைத்தான் எழுதி வைக்கிறோம்.