மட்டையும் கையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேசைப்பந்தாட்டத்தில் மட்டையின் பங்கு யாது என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம் செயலாளர் பணித்தார். சிறிய பொருளே எனினும், நம் பிள்ளைகளின் கைக்கும் நம் பணப்பைக்கும் மிக நெருங்கிய பொருள் இது.

நாம் குடியேறி வாழும் இம்மும்பையிலேயே தொடங்குகிறேன். 1952ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இந்நகரின் பிரபோர்ன் அரங்கில் உலகப் போட்டி நடைபெற்றது. ஆசியக் கண்டத்தில் நிகழ்ந்த முதல் உலகப் போட்டி அதுவே. அதில் ஆட வந்த ஜப்பானியர் ஹிரோஜி சாத்தோவின் மட்டையில் தடித்த ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது. பெரும்பாலோர் மட்டைகளில் அந்நாளில் இருந்தது சிறு முளைகள் நிறைந்த ரப்பர் மட்டுமே. பந்து அதில் படும்போது எழும் ஓசையும் அடியின் வேகத்தை எதிராட்டக்காரருக்கு உணர்த்தும். சாத்தோவின் மட்டையோ ஓசையின்றிப் பந்தை உள்வாங்கி, விசையோடு எறிந்தது. பேராட்டக்காரர் பலர் திகைத்துத் தோற்றனர். இறுதியாட்டத்தில் ஹங்கேரி நாட்டுக் கோட்சியானை வென்று, ஆடவர் ஒற்றையர் உலகப் பட்டம் பெற்ற முதல் ஆசியர் ஆனார் சாத்தோ.

ஆயினும், அவர் மறுமுறை அப்பட்டம் பெற்றாரில்லை. புதுமை பழகியதும் திகைப்பு நீங்கிற்று. அவர் நாட்டவரான இச்சிரோ ஓகிமுராவோ ஸ்பாஞ்சு மட்டையோடு கடும் பயிற்சியையும் கால் விரைவையும் சேர்த்தார். 1954இலும் 1956இலும் பட்டம் வென்றார். 1959இல் வெறும் ஸ்பாஞ்சு விலக்கப்பட்டது. ரப்பரும் ஸ்பாஞ்சும் சேர்ந்து 4 மில்லிமீட்டருக்கு மிகலாகாது என்னும் விதி வந்தது. அவ்வெல்லை இன்றும் நிற்கிறது.

மட்டையின் இயல்பைச் சிறிது காண்போம். வழவழப்பான ரப்பர் பந்தைப் பற்றிச் சுழற்சி தரும். ஸ்பாஞ்சு தடித்தால் விசை மிகும்; மெலிந்தால் கட்டுப்பாடு மிகும். நீண்ட முளைகள் உடைய ரப்பரோ, எதிராட்டக்காரர் ஊட்டிய சுழற்சியைப் பெரும்பாலும் மாற்றாமல் அவரிடமே அனுப்பிவிடும். மேற்சுழற்சியாக அவர் விடுத்த பந்து கீழ்ச்சுழற்சியாக அவரை வந்தடையும். புறங்கைப் பக்கத்தில் இவ்வகை ரப்பரைக் கையாளும் மணிகா பத்ரா, 2018இல் கோல்ட் கோஸ்ட் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்றார். ஆனால் அந்த ரப்பரைக் கடையில் வாங்கலாம். அவருடைய பயிற்சியை வாங்க இயலுமோ?

இதை நான் கற்றது ஒரு பிழையினால். நம் காலனிச் சிறுவன் ஒருவனுக்கு விலையுயர்ந்த மட்டையை வாங்கித் தருமாறு அவன் தந்தையாரிடம் சொன்னவன் நானே. கார்பன் இழை சேர்த்த பலகை, தடித்த ஸ்பாஞ்சு. பந்து மேசைக்கு அப்பால் பறந்தது. அஞ்சிய சிறுவன் கையை வீசுவதை விட்டு, வெறுமனே தடுக்கத் தலைப்பட்டான். "இவ்வளவு செலவிட்டும் ஆட்டம் வரவில்லையே" என்று வீட்டார் கடிந்தனர். ஆட்டத்தையே விட்டுவிடும் நிலைக்கு வந்தான். பிழை அவனுடையதன்று, என்னுடையது. பின்னர் ஐந்து அடுக்கு மரப்பலகையும் மெல்லிய ஸ்பாஞ்சும் கொண்ட எளிய மட்டையை அவனுக்குக் கொடுத்தோம். சில திங்களில் வீச்சு மீண்டது; முகத்தில் சிரிப்பும் மீண்டது.

ஆதலின் பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இது. தொடங்கும் பிள்ளைக்கு மரப்பலகையும், இரு பக்கமும் வழவழப்பான ரப்பரும், ஒன்றரை மில்லிமீட்டர் அளவான ஸ்பாஞ்சும் போதும். ஆடி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து உறையில் இடப் பழக்குங்கள். கை வளர்ந்தபின் மட்டையும் வளரட்டும். மட்டை வளர்ந்து கை குறுகிவிடலாகாது.