ஓயாமல் படித்த கணினி



"வெள்ளகோவில், காங்கேயம், முத்தூர் போன்ற ஊர்கள்" என்று ஒரு வரி. முதல் இரண்டும் ஊர்கள் என்று கணினிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அப்படியானால் முத்தூரும் ஊராகத்தான் இருக்கும் என்று அது ஊகித்துக்கொள்ளும். அடுத்து "முத்தூர் பேரூராட்சி" என்று எங்காவது படித்தால், பேரூராட்சிக்கு முன்னால் வருவது ஊர்ப்பெயர் என்று பிடித்துக்கொள்ளும். பிறகு மூலனூர், சென்னிமலை என்று ஊர்கள் தானாகவே சேர ஆரம்பிக்கும்.

அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் 2010 ஜனவரியில் இப்படி ஒரு கணினியை ஓடவிட்டார்கள். நெல் என்பது அதன் பெயர்ச்சுருக்கம். ஊர், ஆறு, நிறுவனம் என ஒவ்வொரு வகைக்கும் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகள் கொடுத்ததோடு சரி. இரவு பகலாக இணையத்தைப் படித்து மீதியை அதுவே சேர்த்தது. பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த பார்த்த பிரதிம் தாலுக்தாரும் இந்த ஆய்வில் பங்கெடுத்தவர்.

அது தடுமாறிய இடம் ஒன்று உண்டு. இணையத்தில் 'குக்கீ' என்று சொல்லப்படும் சிறு கோப்பை, தின்னும் பிஸ்கட் வகையில் சேர்த்துவிட்டது. "குக்கீயை அழித்தேன்" என்று படித்திருந்ததால், "கோப்பை அழித்தேன்" என்று கண்டதும் கோப்பும் தின்பண்டம் ஆகிவிட்டது! ஒரு பிழை பத்துப் பிழைகளை இழுத்து வந்தது. கடைசியில் மனிதர்கள்தான் திருத்த வேண்டியிருந்தது.

நம் ஊருக்கு வருவோம். வெள்ளகோவில் முருங்கைக்காய் கொள்முதல் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை மர முருங்கை, செடி முருங்கை, கரும்பு முருங்கை என்று தனித்தனியாக விலை வைப்பார்கள். விவசாயிக்கு விளக்கம் தேவையில்லை. கணினி கரும்பு முருங்கையைக் கரும்போடு சேர்த்துவிட்டால்? அது முருங்கைதான் என்று நாலு இடத்தில் தமிழில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வராது.

இன்றைய உரையாடும் கணினிகள் நெல்லைவிட வெகுதூரம் வந்துவிட்டன. ஆனாலும் அவற்றுக்கும் தீனி எழுத்துதான். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழி எழுத்துகளை இணையத்திலிருந்து திரட்டுகிறது. எழுதப்படாததை யாரும் திரட்ட முடியாது.

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்குகிறது. யாரும் எழுதலாம், கைபேசியே போதும். முருங்கைத் தோப்பு, தேங்காய்ப் பருப்பு ஏலம், விசைத்தறி என்று உங்களுக்குத் தெரிந்த தொழிலைப் பற்றி, ஆதாரத்தோடு ஒரு பக்கமாவது எழுதுங்கள்.