ஓடியவர் திரும்பி வந்தாரே!



நொந்துபோன நாட்டுக்குச் சுற்றுலா கைகொடுக்குமா, கைவிடுமா? கைகொடுக்கும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர் இலங்கையை எடுத்துக்கிட்டார். நல்லதாப் போச்சு. நானும் அங்கேயே நிற்கிறேன்.

"வீட்டுல கேஸ் தீர்ந்து அம்மா கண்ணைக் கசக்கிட்டு நிக்கிறா, இப்போ விருந்தாளி வேணுமா?"ன்னு கேட்டார். ஐயா, நம்ம வீட்டுக்கும் கேஸ் தீர்ந்த அன்னிக்குத்தான் சம்பந்தி வருவாங்க. (சிரிப்பு) ஆனா நம்ம சம்பந்தி வெறுங்கையோட வருவார். இலங்கைக்கு வர்ற விருந்தாளி சட்டைப்பையில டாலரோட வர்றார்! (கைதட்டல்)

2022-ல் அந்த நாட்டுக்கு என்ன ஆச்சு? கடன் சுமை, வரிக் குறைப்பு, உரத் தடை என்று காரணம் பல உண்டு. கடைசியில் தீர்ந்துபோனது டாலர். பெட்ரோல் கப்பல் கொழும்புக்கு வெளியே நிக்குது, இறக்கப் பணமில்லை. நான் தமிழ் வாத்தியார். கேள்வித்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சையைத் தள்ளி வெச்சாங்கன்னு படிச்சப்போ எனக்கு மனசே ஆறலை. நம்ம பிள்ளைங்க கேட்டா சந்தோஷப்படும், அது வேற! (சிரிப்பு)

இப்போ கணக்குக்கு வாங்க. 2018-ல் 23 லட்சம் பயணிகள். வருமானம் 438 கோடி டாலர். 2021-ல் வந்தவர்கள் 2 லட்சம்கூட இல்லை. வருமானம் ஏறக்குறைய 50 கோடி டாலர். அந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது? விருந்தாளி வந்ததால வீடு கெடலைங்க. வராததாலதான் அடுப்பு அணைஞ்சுது.

"பயணி பயந்தாங்கொள்ளி, ஒரு வெடிச் சத்தம் போதும், ஓடிடுவான்"ன்னார் நண்பர். ஓடினான், இல்லேன்னு சொல்லலை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் மாண்டார்கள். மே மாதம் வந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் கீழே. சரி, அதே ஆண்டு டிசம்பர்? 2 லட்சத்து 41 ஆயிரம் பேர்! எட்டே மாசத்துல திரும்பி வந்தவனையா கைவிட்டவன்னு சொல்றீங்க? (கைதட்டல்)

கைவிட்டது யார் தெரியுமா? போர். 1982-ல் அந்த நாட்டுக்கு 4 லட்சம் பேர் வந்தார்கள். 1983 கலவரம். அதற்குப் பிறகு போர். 2009-ல் போர் முடியும்போது எண்ணிப் பார்த்தால் அதே நாலு, நாலரை லட்சம். ஒரு தலைமுறை போச்சு. போன உயிர்களுக்கு முன்னால இந்தக் கணக்கு ஒண்ணுமே இல்லைங்க. சத்தம் அடங்கிய ஒன்பதே ஆண்டில் அது 23 லட்சம்.

"லாபமெல்லாம் பெரிய ஓட்டல்காரனுக்கு"ன்னும் சொன்னார். பாதி ஒத்துக்கறேன். மீதிப் பாதியைப் பாருங்க. மிரிஸ்ஸாவில் திமிங்கிலம் காட்டப் படகு விடுறவர். எல்ல ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோவோட நிக்கிறவர். சாலையோரம் செவ்விளநீர் சீவுற பாட்டி. நிலாவெளியில் புறாத்தீவுக்குக் கூட்டிப் போற மீனவர். தேயிலைக் காசு ஏலம், ஏற்றுமதின்னு நாலு கை மாறித்தான் மலையேறும். பயணி கொடுக்கிற காசு நேரா இவங்க உள்ளங்கையில விழுது.

வடக்கே பாருங்க. 1990-ல் நின்ற யாழ்தேவி ரயில் 2014-ல்தான் மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. 24 வருஷம்! நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் கப்பலும் விட்டாங்க, நின்னு நின்னுதான் ஓடினாலும். எதிரணி நண்பரே, ஒரு தடவை போங்க. நல்லூருக்குப் பக்கத்துல சின்ன விடுதியாப் பார்த்துத் தங்குங்க. காலையில அந்த வீட்டம்மா சுடச்சுட அப்பம் வைப்பாங்க. சாப்பிட்டு முடிச்சு, "அம்மா, நான் இங்க வந்ததே தப்பு"ன்னு அவங்ககிட்டச் சொல்லிப் பாருங்க! (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியில கை வெச்சிட்டாங்க. மிச்சத்தை எங்க அணித் தம்பி பேசுவார்.