கையெழுத்துக்கு முன்னால் மூணு சொல்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வணிக ஆங்கிலம்னா டை கட்டினவன் பேசுகிற பேச்சு என்று நினைக்கிறோம். நமக்கு அவசரமாக வேண்டியது வேலைக் கடிதத்தில் கிடக்கிற ஆங்கிலம்.

மூணு சொல் எடுத்துக்குவோம். ரிசைன்: நானாக விலகுகிறேன். டெர்மினேட்: நிர்வாகம் என் வேலையை முடிக்கிறது. ரிட்ரெஞ்ச்: என்மேல் குற்றமில்லை, ஆள் அதிகம் என்று நிர்வாகம் குறைக்கிறது. வீட்டில் மூணுக்கும் 'வேலை போச்சு' என்றுதான் சொல்லுவோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1953இல் தொழில் தகராறு சட்டத்தில் சேர்த்த பிரிவு, ஓராண்டாவது தொடர்ந்து உழைத்த தொழிலாளியை ரிட்ரெஞ்ச் செய்தால், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் கொடு என்றது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்பிலும் அந்த 15 நாள் கணக்கு இருக்கிறது. தானாக விலகினவனுக்கு அந்தப் பணம் கிடையாது.

அதனால்தான் ஆட்குறைப்பு நேரத்தில் வெள்ளைத்தாளை நீட்டுகிறான். "ரிசைன் பண்றேன்னு எழுதிக் குடுப்பா, நல்ல சர்டிபிகேட் தர்றோம்" என்கிறான். குறைப்பதற்கு 'ரைட்சைஸிங்' என்று பேர் வைக்கிறான். 'ரைட்' என்றால் சரி. யாருக்குச் சரி?

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அம்பேத்கர். அதிகாரத்தின் ஆங்கிலத்தை அதன் மேசையிலேயே உட்கார்ந்து கையாண்டவர். நாம் கடிதத்தையாவது முழுசாப் படிக்க வேண்டாமா?

அடுத்த வாரம் வீட்டில் கிடக்கிற பழைய ஆர்டர்களைக் கொண்டு வாங்க. வினைச்சொல்லுக்கெல்லாம் கோடு போடுவோம். செய்கிறது நானா, அவனா? அது தெரிகிற வரைக்கும் பேனாவைத் திறக்காதீங்க.