நம்பிக்கைக்கு எந்தக் காலம்?



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் இளைஞர் பலர் உத்தியோக விண்ணப்பங்களை இன்றும் ஆங்கிலத்திலேயே எழுதுகின்றனர். அவற்றில் ‘ஐ விஷ் ஐ வில் கெற் த ஜொப்’ என்று எழுதுவது வழுவாகும். இவ்விடத்துக்கு ‘ஹோப்’ என்பதே பொருத்தமான சொல். அதன்பின் ‘ஐ வில் கெற்’ என எதிர்காலமும் வரலாம்; ‘ஐ கெற்’ என நிகழ்காலமும் வரலாம். கதவு திறந்தே இருக்கிறது என்பது பொருள்.

‘விஷ்’ அப்படியன்று. ‘ஐ விஷ் யூ வேர் ஹியர்’ என்பதில் வினை இறந்தகால வடிவம். பொருளோ, ‘இப்போது நீ இங்கே இல்லையே’ என்னும் ஏக்கம்.

நிகழ்காலத்தால் எதிர்காலத்தைச் சொல்வது நமக்குப் புதிதன்று. படலையைத் தாண்டும்போது ‘போய்வருகிறேன்’ என்கிறோமல்லவா? அதுவே நம் முன்னோர் தந்த ‘ஹோப்’.

1983 யூலைக் கலவரத்தின்பின் அகதிகளாய்க் கொழும்பிலிருந்து கப்பலேறி வடக்கே சென்றோர் பலர். திரும்பி வந்தோரும் உளர், வராதோரும் உளர். வராதோரை நினைந்து பெரியோராகிய நாம் ‘ஐ விஷ்’ என்று எழுதுவோம்.

இளைஞர்களே, உங்கள் விண்ணப்பங்கள் ‘ஐ ஹோப்’ என்றே தொடங்கட்டும்!